பற்றீயை ஒளித்து வைத்த பெற்றோருக்கு



எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் போன தவணை முடிவு ஒன்றுகூடலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, பாவம், யாரையும் கேட்காமல் மூன்று பெட்டி ஜமெய்க்கன் பற்றீ வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டிகளின் அடியில் எண்ணெய் ஊறி அட்டை கண்ணாடி மாதிரித் தெரிந்தது. அதைப் பார்த்த ஒரு தங்கச்சி சத்தம் போடாமல் மூன்றையும் மேசைக்குக் கீழே தள்ளி, விரிப்பை இழுத்து மூடிவிட்டார். பிறகு மேசைக்கு மேலே ஆட்டிறைச்சி ரோல்ஸ் தட்டு திறந்தது. கட்லட் திறந்தது. பிள்ளைகள் மணத்தைப் பிடித்துக்கொண்டு விரிப்புக்குள் நுழைந்தது வேறு கதை.

அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது: பற்றீ போன்ற குப்பைச் சாப்பாடு இனி வேண்டாம், ஆரோக்கியமான எங்கள் உணவுகளை மட்டும் கொண்டு வருவோம். கீழே வரிசையாகப் பெருவிரல்கள். அதில் ஒன்று என்னுடையது. பஸ்ஸில் நின்றபடி யோசிக்காமல் அமத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனம் உறுத்தத் தொடங்கியது. அந்த உறுத்தலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சொல்லோடு ஒரு சின்ன மல்லுக்கட்டு. பாட்டி என்றெழுதினால் அம்மம்மா வந்து நிற்பார். பேட்டி என்றால் நேர்காணல். பற்றி என்று குறிலில் முடித்தால், ‘எதைப் பற்றி?’ என்று கேட்பீர்கள். ஆகவே எங்கள் பிள்ளைகள் இழுத்துச் சொல்வதுபோல ‘பற்றீ’ என்றே எழுதுகிறேன். ஊரில் நாங்கள் பொரித்துத் தின்ற பற்றீஸ் வேறு, இது வேறு. ஒரே குடும்பம்தான், ஆனால் பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை அளவுக்குத் தூரம்.

இதில் எனக்கென்ன அதிகாரம் என்று கேட்கலாம். 1989இல் கனடாவுக்கு வந்து இறங்கிய நான்காம் மாதம், ஒரு பற்றீ பேக்கரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருடம் அங்கே நின்றேன். பெயர் வேண்டாம், அந்த இடம் இப்போது இல்லை. பிறகு ஒரு மருத்துவமனையின் சமையல் பிரிவில் இருபது வருடம், நோயாளிகளின் தட்டில் எத்தனை மில்லிகிராம் சோடியம் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதே வேலை. பற்றீயை உள்ளேயிருந்தும் பார்த்திருக்கிறேன், வெளியேயிருந்தும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு நாங்கள் போகும்போது குளிர் அறையில் மாவு தயாராகக் கிடக்கும். கோதுமை மா, உப்பு, மஞ்சள், கொஞ்சம் கறித்தூள், ஐஸ் தண்ணீர், பிறகு கொழுப்பு. மஞ்சளைக் கண்டதும், ‘இவர்களுக்கும் மஞ்சளா!’ என்று நான் வாயைப் பிளந்தது இன்னும் ஞாபகம். கொழுப்பு என்றால் பட்டர் இல்லை. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. ஆங்கிலத்தில் சூவற் என்பார்கள். அதைத் துருவி, சில்லென்று வைத்து, மாவோடு விரல் நுனியால் உதிர்ப்போம். பிசையக் கூடாது. கொழுப்பு மாவில் கரைந்து போகாமல் சின்னச் சின்னத் துணுக்காக நிற்க வேண்டும்.

ஏன் என்றால், பட்டர் 35 பாகைக்குள்ளேயே உருகிவிடும். சூவற் உருக 45 பாகையாவது வேண்டும். அடுப்புக்குள் போன பிறகு மா இறுகத் தொடங்கும் நேரம்வரை அது தாக்குப் பிடிக்கும். பிறகு உருகும்போது தான் இருந்த இடத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டுப் போகும். மாவின் ஈரம் ஆவியாகி அந்த இடத்தை ஊதிவிடும். நீங்கள் கடிக்கும்போது சட்டையெல்லாம் உதிர்கிறதே மஞ்சள் பொருக்கு, அது அப்படி வந்ததுதான். பொருக்கு உதிராத பற்றீயை எங்கள் வரிசையில் நின்ற மூத்த ஜமெய்க்கப் பெண் தொட்டும் பார்க்கமாட்டார். கிங்ஸ்ரனில் இருந்து வந்தவர், என்னைவிட இருபது வயது கூட. என் பெயரை அவருக்குச் சொல்ல வராது, ‘மகளே’ என்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்களில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள். பிள்ளைக்குக் கோழிப் பற்றீ வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். நான் வேலை செய்த இடத்தில் கோழிக்கும் மாட்டுக்கும் ஒரே மாவுதான். நிரப்பியது மட்டும் வேறு. இப்போது பல இடங்களில் சூவற்றை விட்டுவிட்டுத் தாவரக் கொழுப்புக்கு மாறிவிட்டார்கள், ஆனால் எல்லோரும் அல்ல. பெட்டியில் வாங்கினால் பொருட் பட்டியலை வாசியுங்கள், கடையில் வாங்கினால் மாவில் என்ன கொழுப்பு என்று கேளுங்கள். கேட்டால் சொல்லுவார்கள். ஒன்றுகூடலில் யாராவது இந்தக் காரணத்தைச் சொல்லிப் பற்றீ வேண்டாம் என்றிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனால் சொன்ன காரணம் ஆரோக்கியம். அதனால்தான் இவ்வளவும்.

உள்ளே நிரப்புவது இன்னும் சுவாரசியம். அரைத்த மாட்டிறைச்சி, வெங்காயம், வெங்காயத் தாள், தைம் இலை, மிளகு, கறித்தூள், ஓல்ஸ்பைஸ், ஸ்கொட்ச் பொனற் மிளகாய். ஓல்ஸ்பைஸை அவர்கள் பிமென்ரோ என்பார்கள். கறுவா, கராம்பு, சாதிக்காய் மூன்றும் ஒரே மணியில் ஒளிந்திருப்பதுபோல மணக்கும். அது ஜமெய்க்காவின் சொந்த மரம். எல்லாம் கொதித்து வரும்போது பாண் தூளும் தண்ணீரும் சேர்ப்போம். அதைப் பார்த்து, கஞ்சத்தனம், இறைச்சியைக் குறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த மூத்தவர் திருத்தினார். பாண் தூள் இல்லாவிட்டால் இறைச்சியின் சாறெல்லாம் மாவுக்குள் இறங்கி அடிப்பக்கம் களியாகிவிடும், தூள்தான் அந்தச் சாற்றைக் குடித்துப் பிடித்து வைக்கிறது என்றார். உண்மைதான். கஞ்சத்தனமும் கொஞ்சம் உண்டு, அதுவும் உண்மைதான்.

ஒரு பற்றீயைப் பிட்டுப் பார்த்தால் அந்தத் தீவுக்கு யார் யார் வந்தார்கள் என்று எண்ணலாம். மாவை மடித்து இறைச்சியை மூடும் பழக்கம் ஆங்கிலேயர் கொண்டு வந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதிச் சுரங்கத் தொழிலாளர் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போன பாஸ்ரியின் உறவு. தைம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மிளகாய் அந்த மண்ணுக்கு முன்பே தெரிந்த அமெரிக்கப் பயிர். அதை இப்படிக் கண்ணில் நீர் வர அள்ளிப் போடும் கை, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களின் கை. 1838இல் அடிமைத்தளை முற்றாக நீங்கியதும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845 மே 10ஆம் திகதி பிளண்டெல் ஹண்டர் என்ற கப்பல் இந்தியக் கூலிகளோடு ஜமெய்க்காவின் ஓல்ட் ஹாபர் குடாவில் வந்து நின்றது. 1917வரை சுமார் 36,000 பேர் அப்படிப் போனார்கள். மஞ்சளும் கறித்தூளும் அவர்களோடு போனவை. பிறகு, பற்றீயைப் பெரிய வியாபாரமாக்கியவர்களில் சீன வழி ஜமெய்க்கக் குடும்பங்களுக்குப் பெரிய பங்குண்டு.

அந்தக் கப்பல்களில் போனவர்களில் பெரும்பாலானோர் வட இந்தியர். எங்கள் ஆட்கள் அதிகம் போனது மார்ட்டினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கு. 1853 தொடக்கம் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனார்கள். அங்கே கறிக்கு இன்றும் பெயர் ‘கொலொம்போ’. குழம்பு என்ற எங்கள் சொல்லின் திரிபு என்றுதான் பலரும் கொள்கிறார்கள். ஆட்டிறைச்சிக் குழம்பைக் கேட்டால் ‘கொலொம்போ த கப்ரி’ வரும். தமிழை மறந்துவிட்ட பேரப்பிள்ளைகளின் வாயில் குழம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தத் தீவுகளில் கிறிஸ்மஸ் என்றால் உள்ளங்கையளவு வட்டமான இறைச்சிப் பத்தே சுடாத வீடு இல்லை. ஹெயிட்டியில் அதே பெயரில் அடுக்கடுக்கான மாவில் மாட்டிறைச்சியோ கருவாடோ வைப்பார்கள். கருவாடு என்றால் உப்பிட்டு உலர்த்திய கொட் மீன். புவேர்ட்டோ ரிக்கோவில் எண்ணெயில் பொரித்த பஸ்தெலியோ. குராசாவ் தீவில் பஸ்தெச்சி: அரைவட்டம், ஓரத்தில் முறுக்கு, கொதி எண்ணெயில் பொரித்து, காலைச் சாப்பாட்டுக்கு. படத்தில் பார்த்தபோது எங்கள் பற்றீஸ்தானே என்று சத்தம் போட்டேன். குராசாவையும் இலங்கைக் கரையையும் ஒரே ஒல்லாந்தர்தான் ஆண்டார்கள் என்பது பிறகு ஞாபகம் வந்தது. மருத்துவமனைக் கண்ணோடு பார்த்தால், இந்தக் குடும்பத்தில் ஜமெய்க்கன் பற்றீக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது பொரித்ததல்ல, அடுப்புக்குள் வைத்துச் சுட்டது. ஆனால் கொழுப்பு முழுவதையும் மாவிலேயே சுமந்துகொண்டு அடுப்புக்குள் போகிறது. ஆகவே சுட்டதுதானே என்று அவ்வளவு பெருமைப்படவும் முடியாது.

ரொறன்ரோவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1985இல் இந்த நாட்டு மத்திய அரசின் அதிகாரிகள் கென்சிங்ரன் சந்தைப் பக்கத்து பேக்கரிகளுக்கு வந்து, ‘பீவ் பற்றீ என்று நீங்கள் எழுதக் கூடாது’ என்றார்கள். சட்டப் புத்தகத்தின்படி பீவ் பற்றீ என்றால் ஹம்பேகருக்குள் வைக்கும் வெறும் இறைச்சித் தட்டை. அதில் மா இருக்கக் கூடாது, பாண் தூள் இருக்கக் கூடாது. தலைமுறைகளாகத் தாங்கள் சொல்லிவந்த பெயரைச் சொன்னால் தண்டம். கென்சிங்ரன் பற்றீ பலஸ் கடைக்காரர் மைக்கல் டேவிட்சன் பணிய மறுத்தார். பத்திரிகைகள் எழுதின. கடைசியில் அதிகாரிகளும் கடைக்காரரும் உட்கார்ந்து பேசி, ‘ஜமெய்க்கன் பற்றீ’ என்று எழுதலாம் என்று முடிவானது. அந்த வெற்றியின் நினைவாகப் பெப்ரவரி 23 இந்த நகரத்தில் பற்றீ நாள். 2022இல் இதைப் பற்றி ஒரு குறும்படம்கூட வந்தது. பெயருக்காக ஒரு சமூகம் என்ன பாடுபடும் என்பது எங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சாப்பாட்டை மேசை விரிப்புக்குள் ஒளித்தது எனக்கு ஏன் உறுத்தியது என்பதில் பாதி இதுதான்.

மற்றப் பாதி கணக்கு. அதற்கு வருகிறேன்.

வழக்கமான ஒரு பற்றீ 140, 150 கிராம் இருக்கும். நான் கையில் எடுத்து வாசித்த லேபிள்களில் அது 350 கலோரிக்கும் 450 கலோரிக்கும் இடையில் நிற்கும். நடுவில் ஒன்றை எடுப்போம்: மாச்சத்து 40 கிராம், கொழுப்பு 20 கிராம், புரதம் 13 கிராம். மாச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. கூட்டினால் ஏறக்குறைய 390. அதில் 180 கொழுப்பிலிருந்து மட்டும். அந்த 20 கிராம் கொழுப்பில் 8 கிராம் வரை நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்தில் கெட்ட கொலஸ்ரோலைக் கூட்டுகிற வகை. கனடிய லேபிளில் ஒரு நாளுக்கென்று வைத்திருக்கும் அளவு 20 கிராம். ஒரு பற்றீயோடு அதில் 40 வீதம் முடிந்துவிட்டது. சோடியம் 700 மில்லிகிராம் என்றால், நாளுக்கான 2,300இல் 30 வீதம். லேபிளைப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு மருத்துவமனையில் நாங்கள் சொல்லிக் கொடுக்கும் சுருக்குவழி ஒன்றுதான்: வலது பக்க வீதத்தில் 5 அல்லது அதற்குக் கீழே என்றால் கொஞ்சம், 15 அல்லது அதற்கு மேலே என்றால் நிறைய. 2026 ஜனவரியிலிருந்து உப்போ சீனியோ நிறைவுற்ற கொழுப்போ நிறைய உள்ள பெட்டிகளின் முகத்திலேயே ஒரு பூதக்கண்ணாடிக் குறி போட வேண்டும் என்பது சட்டம். உறைநிலைப் பற்றீப் பெட்டி வாங்கும்போது அதைத் தேடிப் பாருங்கள். அதிகம் தேட வேண்டியிராது.

சரி, அப்போது குப்பைதானே என்கிறீர்களா? பொறுங்கள். 13 கிராம் புரதம் என்றால் இரண்டு முட்டைக்குச் சமம். மாட்டிறைச்சியின் இரும்புச் சத்து உடம்பில் சுலபமாகச் சேர்வது. பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அது தேவையான பொருள், அளவு சின்னதாக இருந்தாலும். இல்லாதது நார்ச்சத்தும் மரக்கறியும்.

இனி எங்கள் ரோல்ஸைப் பார்ப்போம். மைதா மாவில் தோசை மாதிரி வார்த்த உறை. உள்ளே உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும், அதுவும் எலும்பு எடுத்த இறைச்சியைவிட உருளைக்கிழங்கு இரண்டு பங்கு. வெளியே முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் உருட்டி, முழுவதும் மூழ்க எண்ணெயில் பொரித்தது. எந்த எண்ணெய்? எத்தனையாவது தடவை காய்கிறது? எத்தனை கலோரி? எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தத் தட்டில் லேபிள் இல்லை. லேபிள் இருக்கிறபடியால் பற்றீ மாட்டிக்கொண்டது, இல்லாதபடியால் ரோல்ஸ் தப்பிவிட்டது. ஒரு நியாயம் சொல்லலாம்: ரோல்ஸ் சின்னது. சின்னது என்பதால்தான் பிள்ளை மூன்று எடுக்கிறது. நானும் மூன்று எடுத்தேன், அன்றைக்கு.

கொழுப்பு விஷயத்தில் எங்களுக்குப் பெருமை பேச இடமில்லை. சூவற்றில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு என்று முகம் சுளிப்போம். பாம் எண்ணெயிலும் ஏறத்தாழப் பாதி அதுதான். தேங்காய் எண்ணெயில் நூறுக்கு எண்பதுக்கும் மேல். தாவரக் கொழுப்பு என்று பெட்டியில் போட்டிருந்தால் நல்லது என்று நினைக்கிற பழக்கத்தை விடுங்கள். நான் வேலை செய்த காலத்தில் சூவற்றுக்குப் பதிலாக வந்த வெள்ளை ஷோட்னிங் வாளிகளில் இருந்தது ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய், ட்ரான்ஸ் கொழுப்பு. சூவற்றைவிடக் கேடானது. அதைத் தாவரம், நவீனம் என்றுதான் விற்றார்கள். 2018 செப்டெம்பரில் கனடா அதைத் தடை செய்தது. அதற்கிடையில் எத்தனை வாளியை நான் என் கையாலேயே திறந்திருப்பேன்.

மரக்கறிப் பற்றீ கேட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். உள்ளே கோவா, கரட் இருக்கலாம். உறை அதே உறை. கலோரியில் பெரும்பகுதி உறையில்தான் இருக்கிறது. புரதத்தை எடுத்துவிட்டு மீதியை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். சைவமாக இருக்கிறதற்காக வாங்குங்கள், அது சரி. மெலிவதற்காக வாங்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னது பற்றீயை நல்லவன் ஆக்குவதற்கு அல்ல. நான் சொல்ல வந்தது வேறு. பற்றீயை நாங்கள் தவறான அலுமாரியில் வைத்துவிட்டோம். எங்கள் வாழ்க்கையில் ‘சோட் ஈற்ஸ்’ என்று ஓர் அலுமாரி இருக்கிறது: ரோல்ஸ், கட்லட், பற்றீஸ், வடை, எல்லாம் தேத்தண்ணியோடு, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில். ஜமெய்க்கன் பற்றீயைக் கண்டதும் அந்தத் தட்டிலேயே அடுக்கிவிட்டோம். ஜமெய்க்காவில் அது மதியச் சாப்பாடு. வேலை செய்கிற மனிதன் பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போய், நின்றபடியே ஒன்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வேலைக்குப் போவான். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கொக்கோ பிரெட் என்ற மெத்தென்ற மடிப்புப் பாணுக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். அது பொழுதுபோக்குக்குக் கொறிக்கிறது இல்லை. அதோடு அந்த வேளை முடிந்தது.

எங்கள் வரிசையின் மூத்தவரை நான் கவனித்திருக்கிறேன். இரவு இரண்டு மணி இடைவேளையில் அவர் சாப்பிடுவது ஒரு பற்றீ, ஒரு தோடம்பழம். குடிப்பதற்குப் பிளாஸ்கில் கறுத்த ஒரு கஷாயம், செரசி என்றார். ஒருநாள் மூடியில் ஊற்றித் தந்தார். வாயில் வைத்ததும் தெரிந்தது, பாகல்! ஊரில் வேலியில் படரும் குருவித்தலைப் பாகற் கொடியின் இனம்தான், இலையும் தண்டும் அவித்தது. நான் முகம் கோணாமல் குடித்ததைப் பார்த்து அவருக்கு ஒரே ஆச்சரியம். எட்டு மணிநேரம் நின்று வேலை செய்த அவருக்கு 390 கலோரி ஒரு பொருட்டே இல்லை. சாப்பிட்ட பிறகு வேறெதையும் தொடமாட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓரம் வெடித்த, சாறு கசிந்த பற்றீகளை வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டு போகலாம். காசில்லாமல் கிடைக்கிறதே என்று ஒவ்வொரு நாளும் ஒரு பை கொண்டு வருவேன். பின்னேரம் நான்கு மணிக்குப் பிள்ளைகள் பள்ளியால் வந்ததும் ஆளுக்கொன்று, கூடவே ஒரு கான் சோடா. ஏழரைக்கு வழக்கம்போலச் சோறு, கறி, பொரியல். கணவரும் அப்படித்தான், அவருக்கு இரண்டு. நான்கு மணிச் சாப்பாடு எங்கள் கணக்கில் சாப்பாடே இல்லை. ‘பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்ல, பற்றீ மட்டும்தான்’ என்று நானே சொல்லியிருக்கிறேன். நாற்பத்தொரு வயதில் கணவருக்குச் சீனி வருத்தம் வந்தபோது, ‘எங்கள் வீட்டில் வெளிச் சாப்பாடே இல்லையே டொக்டர்’ என்று கண்ணைத் துடைத்தவளும் நான்தான். பற்றீயால் வந்தது என்று சொல்லவில்லை. அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. எங்கள் இனத்தாருக்கு மற்றவர்களைவிட இளவயதிலேயே, உடம்பு பெரிதாகப் பருக்காமலே அது வருவதும் தெரிந்ததே. ஆனால் ஒவ்வொரு நாளும் கணக்கில் எழுதாத ஒரு நேரச் சாப்பாடு அந்த வீட்டில் நடந்தது, அதை நடத்தியது நான்.

ஜமெய்க்கர்களுக்கும் இப்படி ஒரு கவலை உண்டு: பிரஷர். அவர்கள் வீட்டிலும் உப்பைக் குறை, கொழுப்பைக் குறை என்ற சண்டை நடக்கிறது. அந்த நாட்டு அரசு பிள்ளைகளின் உடல் எடையைப் பற்றி யோசித்தபோது முதலில் கை வைத்தது எதில் தெரியுமா? 2019 ஜனவரியில் பள்ளிகளில் விற்கும் இனிப்புப் பானங்களில் சீனிக்கு ஒரு எல்லை வைத்தார்கள். எனக்கு அது புத்தியான தொடக்கமாகப் படுகிறது. 355 மில்லிலீற்றர் கோலாக் கானில் 39 கிராம் சீனி இருக்கிறது, ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. பற்றீயாவது வயிற்றை நிரப்பும், இது அதைக்கூடச் செய்யாது. எங்கள் ஒன்றுகூடலில் பற்றீ மேசைக்குக் கீழே போனபோது சோடாப் போத்தல்கள் ஆறும் மேசைக்கு மேலேயே நின்றன. இரண்டு லீற்றர் போத்தல்கள்.

ஆகவே நான் கேட்பது தடை நீக்கம் மட்டுமல்ல, கொஞ்சம் ஒழுங்கு. வகுப்பு முடிவது மதியம் பன்னிரண்டரைக்கு. அது மதியச் சாப்பாட்டு நேரம். அப்போது ஒரு பற்றீ கொடுத்தால் அது மதியச் சாப்பாடு என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள், உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய், ‘சரியாச் சாப்பிடேல்ல’ என்று சோற்றைக் குழைத்து ஊட்டாதீர்கள். பக்கத்தில் கோவாவும் கரட்டும் சீவித் தேசிக்காய் பிழிந்து வையுங்கள். ஜமெய்க்கர்களும் கோவா சாப்பிடுகிறவர்கள்தான், பகை வராது. கொக்கோ பிரெட் வேண்டாம், அது இன்னொரு 250, 300 கலோரி. மாவுக்குள் வைத்த இறைச்சியை மறுபடி மாவுக்குள் வைப்பது வளர்கிற பையன்களின் களியாட்டம், நாங்கள் அதற்குத் துணை போகத் தேவையில்லை. பின்னேர ஒன்றுகூடல் என்றால் கொக்ரெயில் பற்றீ என்று குட்டி அளவில் விற்கிறார்கள், விருந்துகளுக்கென்றே செய்தது. அது கிடைக்காவிட்டால் பெரியதைக் குறுக்கே வெட்டினால் போயிற்று. சூடாக வெட்டாதீர்கள், சாறு ஓடிவிடும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பல் உள்ள பாண் கத்தியால் அறுத்தால் பொருக்கும் நிற்கும்.

அந்தத் தம்பியிடம் யாராவது ஒருவர் போய்ப் பேசுங்கள். மூன்று பெட்டி இன்று சும்மா வருவதில்லை. அவர் முகம் அன்று சின்னதாகிப் போனதை நான் பார்த்தேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த ஒன்றுகூடலுக்குப் பற்றீ என் பொறுப்பு. இரண்டு பெட்டி, மாவில் தாவரக் கொழுப்பு என்று கடையில் கேட்டு உறுதிசெய்தது, ஒரு பெட்டி கோழி, ஒரு பெட்டி மரக்கறி. மாட்டிறைச்சி வேண்டுமென்கிற வீட்டுக்காரர் தனியாகச் சொல்லுங்கள், வேறு தட்டில் கொண்டு வருகிறேன். பெட்டியின் லேபிளை வெட்டித் தட்டுக்கு முன்னால் ஒட்டி வைப்பேன். ரோல்ஸ் கொண்டு வருகிறவர்களும் ஒரு சின்னத் துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்: என்ன எண்ணெய், எத்தனையாவது பொரியல். எழுத்து பெரிதாக இருக்கட்டும், எனக்கு இப்போது கண்ணாடி இல்லாமல் தெரியாது.

அன்புடன்,
மூன்றாம் வகுப்புப் பேத்தியைக் கூட்டி வருகிற அம்மம்மா
ஸ்காபரோ